ட்விட்ச்: இலவசமாகப் பார்க்கும் நேரலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ஒருவர் வீடியோ கேம் ஆடுகிறார். ஆயிரம் பேர் அதை இணையத்தில் நேரலையாகப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர் முதலில் கேட்பது, அடுத்தவர் ஆடுவதை ஏன் பார்க்கிறார்கள் என்பதுதான். சதுரங்கம் ஆடும் இருவரைச் சுற்றி நாலு பேர் நின்று பார்ப்பது எதனாலோ, அதே காரணத்தால்தான். அடுத்த கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. இதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்கிறார்கள்? இப்படிப்பட்ட நேரலைகள் ஓடும் ட்விட்ச் தளத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டும் முயற்சிதான். அதன் விதிகள் ஏன் அடிக்கடி மாறுகின்றன, ஸ்ட்ரீமர்கள், அதாவது நேரலையை ஒளிபரப்புபவர்கள், ஏன் அடிக்கடி கொதிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கு பிடிபட்டால் தானாக விளங்கும்.

தொப்பியில் மாட்டிய கேமரா

2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தன் தொப்பியில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு, தன் வாழ்க்கையை இரவு பகலாக இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கினார். தளத்தின் பெயர் ஜஸ்டின்.டிவி. எம்மெட் ஷியர், மைக்கேல் சைபெல், கைல் வோக்ட் ஆகிய மூவரும் உடன் நிறுவியவர்கள். கானும் ஷியரும் அதற்கு முன் கீகோ என்ற இணைய நாட்காட்டியை உருவாக்கி, அதை இ-பே ஏலத்தில் 2,58,100 டாலருக்கு விற்றவர்கள்.

ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதே ஆண்டு அக்டோபரில் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்று தளத்தைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்தது, கூடவே சிக்கலும் வந்தது. தொலைக்காட்சியில் ஓடும் விளையாட்டுப் போட்டிகளை அப்படியே திருட்டுத்தனமாக மறு ஒளிபரப்பு செய்தவர்களால் வழக்குகள் வரை போனது. அப்படிப்பட்ட உள்ளடக்கத்தை நம்பி எந்த விளம்பரதாரரும் காசு போடமாட்டார்.

ஆனால் தளத்தின் ஒரு மூலையில் கேம் ஆடுபவர்களின் பகுதி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளடக்கம் அவர்களே உருவாக்குவது. கேம் நிறுவனங்களும் அதைப் பெரும்பாலும் இலவச விளம்பரமாகவே பார்த்தன. அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து 2011 ஜூனில் ட்விட்ச் என்ற பெயரில் தொடங்கினார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் கை வேலை செய்ய வேண்டிய ஆட்டங்களை ஆங்கிலத்தில் ட்விட்ச் வகை என்பார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற ஆட்டங்களின் போட்டிகள் பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. காலம் சரியாக வாய்த்தது.

2014 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது. பழைய போக்கிமான் ரெட் ஆட்டத்தை ஒருவர் தளத்தில் ஏற்றி, அதை இயக்கும் பொறுப்பைச் சாட்டில், அதாவது நேரலைக்குப் பக்கத்தில் ஓடும் அரட்டையில், இருப்பவர்களிடம் விட்டுவிட்டார். சாட்டில் ‘மேலே’, ‘கீழே’ என்று தட்டினால் பாத்திரம் அப்படியே நகரும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் தட்டினால் என்ன ஆகும்? சுவரில் முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றது. ஆனாலும் 16 நாளில் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கைவைத்திருந்தார்கள். நேரலையில் விற்கும் சரக்கு வீடியோ அல்ல, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்ற உணர்வு என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்த 16 நாள்தான்.

அதே மாதம் அமெரிக்க இணையப் போக்குவரத்தில், உச்ச நேரத்தில், நெட்ஃபிளிக்ஸ், கூகுள், ஆப்பிளுக்கு அடுத்து ட்விட்ச் நான்காம் இடத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. தாய் நிறுவனமே தன் பெயரை ட்விட்ச் என்று மாற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 5 அன்று ஜஸ்டின்.டிவி மூடப்பட்டது. ஆகஸ்ட் 25 அன்று, 97 கோடி டாலர் ரொக்கத்துக்கு ட்விட்சை வாங்குவதாக அமேசான் அறிவித்தது. கூகுளும் வாங்கப் பேசிக்கொண்டிருந்ததாக முன்பே செய்திகள் வந்திருந்தன. சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனமே இந்தத் தளத்தை வாங்கியது தற்செயல் போலத் தெரியலாம். செலவுப் பக்கத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஒரு மணி நேர நேரலையின் எடை

ஸ்ட்ரீமரின் கணினியில் ஓபிஎஸ் போன்ற ஒரு மென்பொருள் ஓடும். அது திரையையும் கேமராவையும் மைக்கையும் ஒன்றாகக் கலந்து, சுருக்கி, ட்விட்சின் சர்வருக்கு அனுப்பும். பொதுவாக 1080பி தரத்தில் வினாடிக்கு 60 ஃபிரேம் அனுப்ப ட்விட்ச் சொல்லும் அளவு வினாடிக்கு 6000 கிலோபிட். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6000 கிலோபிட் என்பது 6 மெகாபிட். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 0.75 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி.

ஸ்ட்ரீமர் அனுப்புவது ஒரு மணிக்கு 2.7 ஜிபி மட்டும்தான். ஆனால் தளம் அதை ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 100 பேர் முழுத் தரத்தில் பார்த்தால் 270 ஜிபி. 10,000 பேர் என்றால் 27 டெராபைட், அதுவும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு. தொலைக்காட்சிக் கோபுரத்தின் கதை வேறு. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்கு மின்சாரச் செலவு ஒன்றுதான். இணைய நேரலையிலோ கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடுகிறது.

இன்னொரு செலவும் உண்டு. கைபேசியில் மெதுவான இணையத்தில் பார்ப்பவருக்கு 6000 கிலோபிட் இறங்காது. அதனால் தளம் வந்த வீடியோவை அந்த நொடியே 720பி, 480பி, 360பி, 160பி என்று பல தரங்களில் மறுபடி சுருக்கித் தருகிறது. இதற்கு ட்ரான்ஸ்கோடிங் என்று பெயர். பதிவு செய்த வீடியோ என்றால் இந்த வேலையை ஆற அமரச் செய்யலாம், ஒருமுறை செய்து வைத்தால் பல ஆண்டுகளுக்கு ஓடும். நேரலையில் ஒவ்வொரு நொடியும் உடனுக்குடன் செய்தாக வேண்டும், பார்ப்பவர் மூன்று பேர் என்றாலும்.

2022 செப்டம்பரில் ட்விட்சின் அப்போதைய தலைவர் டான் கிளான்சி ஒரு கணக்கை வெளியிட்டார். அமேசான் தன் நேரலைச் சேவையை வெளியாட்களுக்கு விற்கும் விலைப்படி பார்த்தால், சராசரி 100 பார்வையாளர்களுடன் மாதம் 200 மணி நேரம் ஒளிபரப்பும் ஒருவருக்கு, வீடியோ செலவு மட்டும் மாதம் 1000 டாலருக்கு மேல் என்றார். கடைவிலையில் போட்ட கணக்கு இது, உள்ளே ஆகும் உண்மைச் செலவு அதுவேதான் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்று காட்டிவிடுகிறது. ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 5 சென்ட்.

வரும் காசு

விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். அதே 100 பார்வையாளர்கள், 4 மணி நேர நேரலை. மணிக்கு 3 நிமிட விளம்பரம், அதாவது 30 வினாடி விளம்பரங்கள் 6. மொத்தம் 2400 முறை விளம்பரம் காட்டப்படும். ஆயிரம் முறை காட்டினால் விளம்பரதாரர் கொடுக்கும் விலைக்கு சிபிஎம் என்று பெயர். நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் அது மாறும். கணக்குக்காக 3 டாலர் என்று வைத்தால் மொத்த வரவு 7.20 டாலர். மேலே சொன்ன 5 சென்ட் கணக்குப்படி செலவோ 20 டாலர். அந்த 7.20லும் 55 சதவீதத்தை ஸ்ட்ரீமருக்குக் கொடுக்கும் முறை 2022இல் வந்தது. அப்படியென்றால் ஸ்ட்ரீமருக்கு 3.96 டாலர், தளத்துக்கு 3.24. நடைமுறையில் சந்தாதாரர்களுக்குப் பெரும்பாலும் விளம்பரம் காட்டப்படாது, சிலர் அதைத் தடுக்கும் மென்பொருளும் வைத்திருப்பார்கள். ஆகவே வரவு இதற்கும் கீழேதான் போகும்.

விளம்பரம் மட்டும் இந்தக் கடையைக் காப்பாற்றாது என்பது இதிலேயே தெரிகிறது. அதனால்தான் சந்தா ட்விட்சின் முதுகெலும்பு. முதல் படிச் சந்தா நெடுங்காலம் மாதம் 4.99 டாலராக இருந்தது. அமெரிக்காவில் 2024 ஜூலையில் 5.99 ஆக உயர்ந்தது. அதற்கு மேல் இன்னும் இரண்டு படிகள் உண்டு. பல நாடுகளில் உள்ளூர் நிலவரத்துக்கு ஏற்ற குறைந்த விலை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழக்கமான பங்கு பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் ஒரு சந்தா வந்தால் ஸ்ட்ரீமருக்கு ஏறக்குறைய 3 டாலர். மேலே பார்த்த 4 மணி நேர விளம்பர வருமானத்தை இரண்டு சந்தாக்கள் தாண்டிவிடுகின்றன.

ஆனால் சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் பார்ப்பது அதே நேரலைதானே, அப்புறம் எதற்குக் கட்டுகிறார்கள்? விளம்பரத் தொல்லை இல்லாமை ஒரு காரணம். பெரிய காரணம் சாட்டில் இருக்கிறது. சந்தாதாரரின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மாதமாக இருக்கிறார் என்று சொல்லும் சின்னம் வரும். அந்தச் சேனலுக்கே உரிய எமோட்கள் கிடைக்கும். எமோட் என்பது சொல்லுக்குப் பதிலாகப் போடும் சின்னஞ்சிறு படம். தளத்தில் மிகப் புகழ்பெற்ற எமோட்டான கப்பா, ஆரம்பகால ஊழியர் ஒருவரின் அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளை முகம். ‘சும்மா சொன்னேன்’ என்ற கிண்டலைக் குறிக்க அது உலகமெங்கும் பயன்படுகிறது. வெளியாளுக்கு அர்த்தமற்ற ஒரு குட்டி முகம், உள்ளே இருப்பவருக்கு ஒரு முழு வாக்கியம். அந்த உள்ளிருப்பு உணர்வுக்குத்தான் மாதாமாதம் காசு வருகிறது. முன்பின் தெரியாத பார்வையாளருக்குச் சந்தா வாங்கிப் பரிசளிக்கும் வசதி 2017இல் வந்ததும் இந்த மனநிலையைப் புரிந்துகொண்டுதான்.

அமேசான் பிரைம் உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு சேனலுக்கு இலவசச் சந்தா உண்டு. இது 2016 செப்டம்பர் இறுதியில் வந்தது. தானாகப் புதுப்பிக்காது, ஒவ்வொரு மாதமும் பார்வையாளரே மறுபடி அழுத்த வேண்டும். ஸ்ட்ரீமர்கள் இதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

மூன்றாவது வழி பிட்ஸ். இது 2016இல் வந்த, தளத்துக்குள் செல்லும் டோக்கன். 100 பிட்ஸின் அடிப்படை விலை 1.40 டாலர். அதைச் சாட்டில் செலவழித்தால் ஸ்ட்ரீமருக்கு 1 டாலர் போகும். 40 சென்ட் தளத்துக்கு. வெளிச் சேவைகள் மூலம் நேரடியாக நன்கொடை கொடுத்தால் தளத்துக்கு எதுவும் போகாது. ஆனால் கொடுத்தவர் பிறகு கார்டு நிறுவனத்திடம் புகார் செய்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஆபத்து ஸ்ட்ரீமரின் தலையில் விழும். பெரிய நன்கொடை வந்தால் உடனே செலவழிக்காமல் சில வாரம் ஒதுக்கி வைப்பது நல்லது.

ஸ்பான்சர்ஷிப்பிலும் தளத்துக்குப் பங்கு இல்லை. ஒரு நிறுவனம் ஸ்ட்ரீமரிடம் நேரடியாகப் பேசிக் காசு கொடுத்துவிடும். 2023 ஜூனில் ட்விட்ச் இதில் கைவைத்துப் பார்த்தது. திரையில் பதித்த விளம்பரங்களுக்குத் தடை, ஸ்பான்சர் சின்னம் திரையில் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதி போட்டது. எதிர்ப்பு கிளம்பி, மறுநாளே திரும்பப் பெற்றது. தங்கள் குடும்பத்தை ஓட்டும் வருமானம் ஒரே இரவில் கேள்விக்குறியானால் ஸ்ட்ரீமர்கள் கொதிக்காமல் என்ன செய்வார்கள்? செலவு தளத்துடையது, உழைப்பு ஸ்ட்ரீமருடையது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுதான் இந்தத் தொழிலின் சங்கடம்.

பங்குச் சண்டை

பெரிய ஸ்ட்ரீமர்கள் சிலருக்கு மட்டும் தனி ஒப்பந்தத்தில் சந்தாப் பங்கு 70க்கு 30 என்று கிடைத்துவந்தது, 70 ஸ்ட்ரீமருக்கு. அது அவர்களுக்கும் ஆண்டு வருமானத்தில் முதல் 1,00,000 டாலர் வரைதான், மேற்கொண்டு பாதிக்குப் பாதி என்று 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். கிளான்சியின் அந்த 1000 டாலர் கணக்கு இந்த அறிவிப்போடு வந்ததுதான். பிறகு 2024இல் விதி இப்படி மாறியது: தொடர்ந்து 3 மாதம் 100 பிளஸ் புள்ளிகள் வைத்திருந்தால் 60க்கு 40, 300 புள்ளிகள் இருந்தால் 70க்கு 30. முதல் படிச் சந்தா ஒன்றுக்கு ஒரு புள்ளி. பிரைம் சந்தாவும் பரிசுச் சந்தாவும் இதில் சேராதபடி வைத்தார்கள். மாதாமாதம் தன் காசில் கட்டுகிறவரையே தளம் எண்ணுகிறது, நிலையான வரவு அவர்தான்.

போட்டியாளர்களின் கதையும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். மைக்ரோசாஃப்ட் மிக்சர் என்ற தளத்தை நடத்தியது. ட்விட்சின் மிகப் பெரிய நட்சத்திரமான நிஞ்ஜாவை 2019 ஆகஸ்டில் அங்கே இழுத்துக்கொண்டது. நட்சத்திரம் போனார், கூட்டத்தில் பெரும்பகுதி போகவில்லை. பழகிய சாட்டையும் நண்பர்களையும் விட்டு யார் போவார்கள்? 2020 ஜூலையில் மிக்சர் மூடப்பட்டது. 2022 இறுதியில் வந்த கிக், சந்தாவில் 95 சதவீதத்தை ஸ்ட்ரீமருக்கே கொடுக்கிறது. அதன் பின்னணியில் இருப்பவர்கள் ஸ்டேக் என்ற இணையச் சூதாட்டத் தளத்தின் நிறுவனர்கள். ஸ்டேக் உள்ளிட்ட சில சூதாட்டத் தளங்களை ஒளிபரப்ப ட்விட்ச் தடை விதித்தது அதே ஆண்டு அக்டோபரில். 5 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீடியோ செலவை ஈடுகட்ட முடியாது என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லும். வேறொரு தொழிலின் பணம் அங்கே தாங்கிப் பிடிக்கிறது.

ட்விட்சே இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்று 2024 ஜனவரியில், அப்போது தலைமைச் செயல் அதிகாரியாகிவிட்ட கிளான்சி வெளிப்படையாகச் சொன்னார். 500க்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்பிய சமயம் அது. அதற்கு முந்தைய மார்ச்சில் 400 பேர் போயிருந்தார்கள்.

இதில் மிகத் தெளிவான பாடம் தென்கொரியா. மின்விளையாட்டுப் போட்டிகளின் தாயகம் என்று சொல்லத்தக்க நாடு, பார்வையாளர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்குத் தளங்கள் கட்ட வேண்டிய கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று ட்விட்ச் சொன்னது. 2022 செப்டம்பரில் அங்கு மட்டும் தரத்தை 720பிக்குக் குறைத்துப் பார்த்தது. போதவில்லை. 2024 பிப்ரவரி 27 அன்று அந்த நாட்டில் கடையை மூடியது. கூட்டம் இருந்தும் மூடினார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தலைக்கும் நட்டம்.

புதிதாக ஒளிபரப்பத் தொடங்குபவருக்கு

செலவுக் கணக்கு புதியவரின் திரையிலும் நேரடியாகத் தெரியும். எல்லாத் தரங்களும் உறுதியாகக் கிடைப்பது பார்ட்னர் என்ற உயர் நிலையில் இருப்பவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு சர்வரில் இடம் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடையாது. கிடைக்காதபோது நீங்கள் 6000 கிலோபிட் அனுப்பினால் பார்ப்பவருக்கும் அது மட்டும்தான் வரும். கைபேசியில் பார்ப்பவர் சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏன் யாரும் நிற்பதில்லை என்று குழம்பும் பல புதியவர்களின் சிக்கல் இதுவாக இருக்கலாம். தொடக்கத்தில் 720பி, வினாடிக்கு 30 ஃபிரேம், 3000 கிலோபிட் போதும். வேகமான ஆட்டம் என்றால் 60 ஃபிரேம், 4500.

பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு அனுப்பும் இந்தக் கிலோபிட் அளவை, உங்கள் பதிவேற்ற வேகத்தின் முழு அளவுக்கு வைக்காதீர்கள். வேகம் 6 மெகாபிட் என்றால் 4500க்கு மேல் போக வேண்டாம். வீட்டில் இன்னொருவர் ஒரு கோப்பை அனுப்பினாலே ஃபிரேம்கள் விழும். ஓபிஎஸ்ஸில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ என்ற எண் ஏறினால் கோளாறு இணையத்தில். அது ஏறாமல் படம் மட்டும் திக்கினால் கணினியின் சுருக்கும் வேலை தாங்கவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்குப் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். இரண்டாவதுக்கு ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது சுருக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். ரேட் கண்ட்ரோல் சிபிஆர் (பிட்ரேட் மாறாமல் ஒரே அளவில் இருப்பது) ஆகவும், கீஃபிரேம் (முழுப் படமாகச் செல்லும் ஃபிரேம்) இடைவெளி 2 வினாடியாகவும் இருக்கட்டும். தளம் வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, கீஃபிரேம் உள்ள இடத்தில்தான் வெட்ட முடியும். இடைவெளி நீண்டால் துண்டும் நீளும், சாட்டுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் கூடும்.

அடுத்து விளம்பரம். புதிய பார்வையாளர் உள்ளே வந்ததும் ஓடும் விளம்பரம் அவரை விரட்டும். மணிக்கு 3 நிமிடம் நீங்களே விளம்பரம் ஓட்டினால் அந்த முகப்பு விளம்பரத்தை நிறுத்தலாம். ஆட்டத்தின் இடைவேளையில் அதை ஓட்டுங்கள்.

இசை மிகக் கவனம் தேவைப்படும் இடம். கேட்டுக்கொண்டே ஆடும் திரைப்படப் பாடலுக்கு உரிமையாளர் உண்டு. 2020இல் இசை நிறுவனங்களின் புகார்கள் குவிந்தபோது, பல ஆண்டுப் பழைய பதிவுகளை ஸ்ட்ரீமர்கள் மொத்தமாக அழிக்க நேர்ந்தது. நேரலையில் ஓடும்போது யாரும் தடுக்கவில்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. திரும்பத் திரும்பப் புகார் வந்தால் கணக்கே போகும். உரிமம் உள்ள இசையை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் இசையே வேண்டாம்.

காசு கொடுத்தால் பார்வையாளர் எண்ணிக்கையை உயர்த்தித் தருகிறோம் என்று சாட்டில் வருகிறவர்களைக் கண்டதும் தடை செய்யுங்கள். போலிப் பார்வையாளர்களைப் பிடித்தால் பழி சேனல்மீது விழும். தளத்தின் பட்டியல் பெரும்பாலும் எண்ணிக்கை வரிசையில் இருப்பதால், இரண்டு பேர் பார்க்கும் சேனல் அடியில் கிடக்கும் என்பது உண்மைதான். அதனால் மிகப் பிரபலமான ஆட்டத்தைத் தவிர்த்து, சில நூறு பேர் மட்டும் பார்க்கும் ஆட்டத்தைத் தேர்ந்தால் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். ஒளிபரப்பை முடிக்கும்போது உங்கள் பார்வையாளர்களை அப்படியே இன்னொரு சேனலுக்கு அனுப்பும் ரெய்டு வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் அளவிலேயே இருப்பவருக்கு அனுப்பினால் நட்பு வளரும், ஒருநாள் அவரும் அனுப்புவார். 2023 அக்டோபர் முதல் மற்ற தளங்களிலும் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப அனுமதி உண்டு. ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை.

பழைய பதிவுகளுக்கும் ட்விட்சை நம்பி இருக்காதீர்கள். முழுப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களில் அழிந்துவிடும். அவற்றிலிருந்து வெட்டிச் சேர்த்துவைக்கும் ஹைலைட்களுக்கும் 2025 ஏப்ரலில் 100 மணி நேர வரம்பு வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் கிடக்கும் வீடியோவுக்கும் சேமிப்புச் செலவு ஆகிறது அல்லவா. ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பும்போதே பதிவு செய்யும் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிடுங்கள். 6000 கிலோபிட்டில் 4 மணி நேரத்துக்குத் தேவைப்படும் இடம் 10.8 ஜிபி.